உளியில் குத்திய எலுமிச்சம்பழம்

அருப்புக்கோட்டையில் மிகக் கூர்மையான உளி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தத் தச்சரையும் தேடிப் போக வேண்டாம். நேரே வெங்கடசாமி வீட்டுக்குப் போகலாம். அந்த உளியால் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்குக் கோபம் வராது, பரிதாபம்தான் வரும். கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடது கையை நீட்டி, உளியை முழங்கைக்குக் கீழே தோலோடு தோலாக வைத்து மெல்லத் தள்ளுவார். முடி இருந்தால் சிரைத்துக் காட்டியிருப்பார். தினமும் கூர் பார்த்துப் பார்த்து அங்கே முடி என்று ஒன்று மிச்சமில்லை. தெருவில் சிலர் அதை ஏதோ தோல் வியாதி என்று நினைத்து, அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள்.

அவருடைய வாழ்க்கையை இந்த உளிகளிலிருந்து தொடங்குவது அநியாயம்தான். அதற்கு முன்பும் அவர் எதையும் செய்து முடிக்காமல்தான் இருந்தார். திருச்சுழிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் உத்தியோகம். தினமும் பஸ்ஸில் போய் வந்தார். கெட்ட அதிகாரி என்று யாரும் சொல்ல முடியாது. லஞ்சத்துக்குக் கை நீட்டியதே இல்லை. கை நீட்டுகிறவன் காரியத்தையாவது முடித்துக் கொடுப்பான். வெங்கடசாமியோ பக்க எண் கோணலாக இருக்கிறது, ஒப்பம் கோட்டைத் தொடுகிறது, இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார். திரும்பி வந்தால் புதுக் குறை கண்டுபிடிப்பார். நேர்மையான ஒரு மனிதரால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதை அந்தப் பக்கத்து மானாவாரி வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவருடைய பணி நிறைவு விழாவுக்கு அவர்கள் மாலையோடு வந்தார்கள். அவ்வளவு மகிழ்ச்சியான விழாவை அந்த அலுவலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைத் தன் மீதுள்ள அன்பு என்று வெங்கடசாமி இன்றும் நம்புகிறார்.

ஓய்வு பெற்ற மறு மாதம் கைபேசியில் ஒரு காட்சி பார்த்தார். எங்கோ பனி கொட்டும் தேசத்தில் ஒரு தாடிக்காரர் மரம் சீவும் துருவேறிய இழைப்புளி ஒன்றைக் கழற்றி, ஊறவைத்து, தேய்த்து, கண்ணாடியாக்கி மறுபடி பூட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒரு பலகையின் மேல் ஒரே ஒரு தடவை ஓட்டினார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சீவல் சுருண்டு எழுந்தது. காட்சி முடிந்தது. அந்தப் பலகை அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தாடிக்காரர் காட்டவில்லை. வெங்கடசாமியும் கேட்டுக்கொள்ளவில்லை. தன் பிறவி எதற்காக என்பது அவருக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது.

வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட் இருந்தது. முன்பு அதில் விசைத்தறிகள் ஓடின. தறிகளை விற்றபோது யாரும் கண்ணீர் விடவில்லை. சத்தம் நின்றதும் மத்தியானத் தூக்கம் நன்றாக வந்தது என்பதுதான் வீட்டார் கண்ட மாற்றம். அந்த ஷெட்டைத்தான் வெங்கடசாமி தன் பட்டறையாக்கிக்கொண்டார். சாமான்கள் பழைய இரும்புக் கடை தனுஷ்கோடியிடமிருந்து வந்தன. தனுஷ்கோடி அவரோடு ஒன்றாகப் படித்தவர்.

"ஏலே வெங்கடு, வாடா. உனக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று துருப்பிடித்த ஓர் இரும்புக் கட்டியை நீட்டுவார்.

"எந்தக் கம்பெனிடா?"

"துருவுக்கு அடியில கம்பெனி பேரு இருக்கு. சொரண்டிப் பார்த்துக்க."

"பாலவனத்தத்துல ஒருத்தன் இதைவிட நல்லதா வெச்சிருந்தான்."

"நல்லதா இருந்தா நீ ஏன்டா வாங்குற? அது சரி, இம்புட்டு சாமான் வாங்கிட்டுப் போனியே, ஒரு முக்காலியாச்சும் செஞ்சியா?"

"செய்யிறதுக்கு முன்னாடி ஆயத்தம்னு ஒண்ணு இருக்குல்ல. உனக்குப் புரியாது."

"எனக்கு எதுக்குடா புரியணும்? உன் ஆயத்தம் முடிஞ்சா என் வியாவாரம் முடிஞ்சது. நல்லா நிதானமா ஆயத்தம் பண்ணு, சாமி."

இதைக் கேலி என்று வெங்கடசாமி எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பை எடை போட்டு விற்கிறவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உலகத்தில் பாதிப் பேரைப் பற்றி அவருக்கு இதே அபிப்பிராயம்தான். ப்ளைவுட் கடைக்காரர், மின்சார ரம்பம் வைத்திருக்கும் ஆசாரிகள், ரெடிமேட் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்குகிறவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். மீதிப் பாதியைப் பற்றி அவர் நினைப்பதே இல்லை.

அந்த மீதிப் பாதியில் அவர் மனைவி சௌடம்மாளும் ஒருத்தி. அவள் பக்கத்துத் தெரு ரைஹானாவோடு சேர்ந்து நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரைஹானாவின் புருஷன் சவூதியில் இருந்தார். அவள் வீட்டில் இரண்டு மிஷின், இவள் வீட்டில் ஒன்று. துணி வெட்டுவது மட்டும் சௌடம்மாள் வீட்டுக் கூடத்தில், தரையில். மண்டி போட்டு, குனிந்து, துணியை அடுக்கி வெட்டி எழுந்திருக்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் விருதுநகர்க் கடை ஒன்று தீபாவளிக்கு ஒரு பெரிய லோடு கேட்டது. நின்றபடி அடுக்கு வெட்டு வெட்ட ஒரு நீளமான மேசையும், அதைப் போட இடமும் இருந்தால்தான் அது முடியும். இல்லையென்றால் கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். தீபாவளிக்கு விட்ட கடை பொங்கலுக்கும் வராது.

"அண்ணே, ஒரு மேசை செஞ்சு தாங்கண்ணே" என்றாள் ரைஹானா. "நாலு காலு, மேல பலகை. ஆடாம நின்னாப் போதும்."

வெங்கடசாமி சிரித்தார். "ஆடாம நின்னாப் போதும்" என்று அவள் சொன்னதை அவளைப் போலவே சொல்லிக் காட்டினார். "ஏம்மா, மேசைன்னா என்ன, ஆட்டுக்குட்டியா, நாலு காலு இருந்தாப் போதும்ங்கிறதுக்கு? அதுல இணைப்புன்னு ஒண்ணு இருக்கு. ஆணி இல்லாம நிக்கணும்."

"ஆணி அடிச்சா என்னண்ணே ஆகும்?"

வெங்கடசாமி ஷெட்டைப் பார்த்து நடந்தார். ஆணியைப் பற்றிக் கேட்கிறவர்களோடு அவர் பேசுவதில்லை.

அன்று கணவன் மனைவிக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. வீட்டுப் பேச்சு கன்னடம் என்பதால், அங்கே சண்டையைக் கன்னடத்தில் போட்டு, தீர்ப்பைத் தமிழில் சொல்வது வழக்கம். ரைஹானா கூடத்தில் நைட்டிக்கு இடையே உட்கார்ந்து, புரியாத சத்தத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சௌடம்மாள் வெளியே வந்து தமிழில் சொன்னாள்.

"ஆயுத பூசைக்குள்ள இவுக மேசை செஞ்சு தாராக. செஞ்சாச்சுன்னா அதைக் கூடத்துல போட்டுக்குவோம், ஷெட்டு அவுகளுக்கே. செய்யலைன்னா ஷெட்டு நமக்கு. சரிதானேங்க?"

"சரி" என்றார் வெங்கடசாமி உள்ளிருந்தபடி. தோற்போம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அவ்வளவு கூரான உளிகளை வைத்துக்கொண்டு யாராவது தோற்பார்களா?

வேப்பஞ்சட்டங்களும் மேலே போட ஒரு பலகையும் வந்து இறங்கின. மேசை செய்ய வேண்டுமானால் முதலில் சட்டத்தைப் பிடித்து இழைக்க ஒரு திடமான பட்டறைப் பலகை வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதைச் செய்ய வேண்டுமானால் இழைப்புளியின் அடிப்பாகம் துல்லியமான சமமாக இருக்க வேண்டும். அதைச் சமமாக்கத் தீட்டுக்கல் சமமாக இருக்க வேண்டும். கல் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கனத்த கண்ணாடி வேண்டும். கண்ணாடி வாங்கி வந்தார். அது சமமாக இருக்கிறதா என்ற சந்தேகம் அன்று சாயங்காலமே வந்தது. ஆவணி இப்படியே போயிற்று. கூடத்தில் இரண்டு பெண்கள் மண்டி போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வழியாகக் கால்களில் கை வைத்தார். நான்கு கால்களையும் சதுரமாக இழைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். ஒன்றில் மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. அதை இழைத்தார். இப்போது அது மற்ற மூன்றைவிடச் சிறுத்துவிட்டது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! மூன்றையும் அதற்குச் சமமாக இழைத்தார். அப்படி இழைத்ததில் வேறொன்றில் வெளிச்சம் தெரிந்தது. இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகச் சொன்னால் பொய். சீவல்கள் சுருண்டு சுருண்டு எழுந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, எழுத்துப் படிக்கலாம் போல இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவற்றைப் படம் பிடித்து, தன்னைப் போன்றவர்கள் கூடியிருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அங்கே கைதட்டல் வந்தது. அந்தக் குழுவிலும் யாரும் மேசை செய்வதில்லை.

புரட்டாசி பாதியில் ரைஹானா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது மேசைக்கா, மோரு கடையிற மத்துக்கா?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். நான்கு கால்களும் மூலைமட்டத்தில் இம்மி பிசகாமல், நான்கும் ஒரே அளவில், உலக்கையைவிட மெலிந்து நின்றன. அடுக்கு வெட்டுக்கான துணி லோடை அவற்றின் மேல் வைத்தால் வைத்தவர் காலும் சேர்ந்து முறியும்.

"இது மாதிரி" என்றார் வெங்கடசாமி. "மாதிரி செஞ்சு பார்த்துட்டுத்தான் நெசம் செய்யணும்."

"நெசம் எப்பண்ணே?"

"வருது வருது."

ஆயுத பூஜைக்கு ஒரு நாள் இருந்தது. வேறு மரமும் இல்லை, வேறு காலும் இல்லை. அரசு உத்தியோகத்தில் முப்பது வருஷம் பழுத்தவருக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் மூளை வேலை செய்யும். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. ஆகவே பூஜைக்கு முதல் நாளே எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டால், கெடு முடியும் நேரத்தில் வேலை செய்ய முடியாமல் போனது தன் குற்றமாகாது. அது சாமி குற்றம். அம்மன் மேல் வழக்குப் போட சௌடம்மாளுக்குத் தைரியம் வராது.

"ஏ, கேட்டியா" என்று சமையலறை வாசலில் நின்று சொன்னார். "இந்தத் தடவை நம்ம பட்டறைச் சாமான் எல்லாத்தையும் முறையாப் பூசையில வைக்கணும். ஒண்ணு விடக் கூடாது. இன்னைக்கே வெச்சிரு."

சௌடம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். பூஜைக்கு மணி அடித்தால்கூட எழுந்து வராத மனுஷர்.

"மேசை?"

"சாமி காரியம் முந்தி. மேசை எங்க போகுது?"

அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்பது அன்று தெரியவில்லை. "முறையா வைக்கணும்ல? வெச்சிருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் ஷெட்டுக்குப் போய்க் கடைசி ஒரு தடவை எல்லாவற்றையும் மெருகேற்றினார். துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்ததைத் தின்னர் போட்டுத் துடைத்தார். எண்ணெய் இருந்தால் படத்தில் பளபளப்பு மங்கும். உளிகளைக் கூர் மேலே பார்க்க ஒரு கட்டையில் வரிசையாக நட்டு, இழைப்புளிகளை முன்னால் அடுக்கி, ரம்பங்களைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தார். அம்மன் பூஜையும் ஆகும், குழுவுக்குப் படமும் ஆகும். மனம் நிறைந்து, டவுனுக்குப் பூ வாங்கப் போனார்.

முறையாக வைப்பது என்றால் என்ன என்று சௌடம்மாளுக்கு நன்றாகத் தெரியும். முதலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொரு சாமானுக்கும் கட்டைவிரலால் சந்தனம் அப்பினாள், அதன் மேல் குங்குமம் வைத்தாள். இழைப்புளியின் பளபளப்பான வயிற்றில் மூன்று, ரம்பத்துக்கு நெடுக ஒன்பது. ரைஹானா வீட்டில், துணி அலசுகிற தண்ணீர் பாய்ந்தே வளர்ந்த எலுமிச்சை மரம் ஒன்று உண்டு. அவள் ஒரு கூடை நிறையப் பழம் கொண்டு வந்திருந்தாள்.

"உங்க பூசைக்கு எங்க வீட்டுப் பழம்தான்க்கா. எங்க வைக்கணும்னு சொல்லுங்க, எடுத்துத் தாரேன்."

"ஆயுதத்துக்கு நுனியிலதான் குத்தணும்டி. எங்க கோயில்ல அப்படித்தான்" என்றாள் சௌடம்மாள். ஒரு பழத்தை எடுத்து முதல் உளியின் கூரில் வைத்தாள். அமுக்க வேண்டியிருக்கவில்லை. பழம் தன் பாரத்திலேயே இறங்கியது.

"யம்மா! என்னாக் கூரு!" என்றாள் ரைஹானா உண்மையான மரியாதையோடு. "அண்ணன் சும்மா சொல்லலைக்கா."

அந்த உளிகள் இந்த வீட்டுக்கு வந்து, கை முடியைத் தவிர, முதன்முதலாக வெட்டிய பொருள் அதுதான்.

வெங்கடசாமி பூவோடு திரும்பி வந்து ஷெட் வாசலில் நின்றார். ஒவ்வொரு உளியின் தலையிலும் ஒரு எலுமிச்சம்பழம். சாறு கூரிலிருந்து வழிந்து, அவர் மாதக்கணக்காகத் தேய்த்த எஃகின் மேல் பாதை பாதையாக இறங்கிக்கொண்டிருந்தது. குங்குமம் கரைந்து இழைப்புளியின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி பாய்ந்தார்.

"ஏங்க! ஏங்க! சூடம் காட்டியாச்சு. தொடக் கூடாது" என்றாள் சௌடம்மாள்.

"லேசாத் தொடைச்சிட்டு..."

"நீங்கதானே ஒண்ணு விடாம வைக்கச் சொன்னீக? அம்மனுக்கு வெச்சதை எடுக்கலாமா? இன்னைக்கு, நாளைக்கு ரெண்டு நாளும் இருக்கட்டும். நாளான்னைக்குக் காலையில எடுத்துக்கிருங்க."

ரைஹானா பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பு வராமல் இருக்க மேலே தகரத்தைப் பார்த்தாள்.

அந்த இரண்டு நாளும் வெங்கடசாமி பட்ட பாட்டை விவரித்தால் அவர் மேல் இரக்கம் வந்துவிடும் அபாயம் இருக்கிறது. அவர் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பின் சந்தில் போனவர்கள், மனுஷருக்கு எவ்வளவு பக்தி பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினார். சாறு இறங்கிய வழியெல்லாம் உளி கறுத்திருந்தது. துடைத்தார், போகவில்லை. குங்குமம் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பொட்டு, சுரண்டினால் அடியில் ஒரு குழி.

"கெடுத்துட்டியே!" என்று தமிழிலேயே கத்தினார். ரைஹானாவும் அங்கே இருந்ததால் அது சண்டையா தீர்ப்பா என்று ஒரு கணம் குழப்பமாக இருந்தது. "இதுக்கு என்ன சொல்ற? கெடுவைத் தள்ளி வைக்கணும்!"

சௌடம்மாள் கோபப்படவில்லை. இடுப்பில் சொருகிய சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளியெல்லாம் வைக்க முடியாது. கடைக்காரரு போன் மேல போன் போடுறாரு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இன்னைக்கு நல்ல நாளு. மேல் பலகை இருக்கு. பக்கத்து வீட்டு ஆசாரி வேலையில மிச்சமான தடிச் சட்டத்தைக் கேட்டு வாங்கி வாசல்ல போட்டிருக்கேன். நானும் இவளும் புடிச்சுக்கிறோம். உளியை எடுங்க. பொழுது சாயுறதுக்குள்ள ஒரு மேசை, ஆணி அடிச்சாலும் சரி, அடிக்காட்டியும் சரி. செஞ்சிட்டீகன்னா ஷெட்டு உங்களுக்கே. அம்மன் மேல சத்தியம்."

"ஆமாண்ணே, நான் நல்லாப் புடிப்பேன்" என்றாள் ரைஹானா. அவள் ஏற்கெனவே சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள்.

வெங்கடசாமி ஓர் உளியைக் கையில் எடுத்தார். கூர் அப்படியே இருந்தது. கறையால் வெட்டு குறையாது என்பது அவருக்கும் தெரியும். சட்டம் எதிரே இருந்தது, உளியை அடிக்கும் கொட்டாப்புளி பக்கத்தில் இருந்தது, பகல் முழுவதும் மிச்சமிருந்தது. சட்டத்தின் மேல் உளியை நிறுத்தினார். இரண்டு பெண்களும் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார்கள். அவர் உளியைத் திருப்பி, கறுத்த பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி நிறுத்தினார். மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கறையோட எப்படி வேலை பார்க்கிறது?" என்றார்.

"கறையோட இருந்தா வெட்டாதுங்களா?" என்றாள் சௌடம்மாள்.

"வெட்டும்... ஆனா பார்க்க நல்லாயில்லையே. முதல்ல இதை எடுத்துட்டு—"

சௌடம்மாள் கையை நீட்டினாள். உளியைக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் கேட்டது ஷெட்டுச் சாவி. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார்.

சாமான்களைச் சாக்கில் சுற்றி மொட்டைமாடிக்கு ஏற்ற இரண்டு பெண்களும் அவருக்குக் கை கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்களுக்கு மேசை செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஷெட்டில் கிடந்த இரண்டு எண்ணெய் டிரம்மை நிமிர்த்தி வைத்து, மேல் பலகையைத் தூக்கிப் போட்டு, ஆட்டம் எடுத்த இடத்தில் பழைய செருப்பு ஒன்றை மடித்துச் சொருகினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முதல் அடுக்கு வெட்டு விழுந்துவிட்டது.

"குமாரலிங்கபுரத்துல சர்க்காரு பெரிய துணி பார்க்கு கட்டப் போறாங்குறாகளே, நாமளே ஒண்ணு தொறந்துட்டோம்க்கா" என்று ரைஹானா சிரிப்பது மாடி வரை கேட்டது.

மாடியில் வெங்கடசாமி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் முன்னேறட்டும் என்று இடத்தைத் தானே விட்டுக்கொடுத்ததாகக் குழுவுக்கு எழுதியிருந்தார். அதற்கும் கைதட்டல் வந்திருந்தது. கீழே கத்திரி துணியில் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு தேர்ந்த காதுக்கு அது சகிக்கக்கூடிய சத்தமாக இல்லை. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"ஏய், அந்தக் கத்திரி மொண்ணையா இருக்கு. சத்தத்துலயே தெரியுது. மேல குடுத்து விடு, கூர் வெச்சுத் தாரேன்."

கீழே கத்திரி நின்றது.

"ஏடி ரைஹானா" என்று சௌடம்மாளின் குரல் அவசரமாக எழுந்தது. "கத்திரியை உள்ள வைடி! கதவைச் சாத்து!"